கறுப்புத் துணிக்குள் அக்கா

சாப்பாட்டு டப்பா அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. அடியில் ஒரு வாய். மருந்து அடித்துக் காய்ந்த மாவிலையின்மேல் அந்த வாயை வைத்து அழுத்தினால் வெளி வெளிச்சம் உள்ளே வராது. உள்ளே ஊதா விளக்கு ஒன்று எரியும். மருந்துத் தண்ணீரில் முன்கூட்டியே ஒரு சாயம் கலந்து வைத்திருப்போம். வெயிலில் அது கண்ணுக்கே தெரியாது. ஊதா வெளிச்சம் பட்டால் மட்டும் மஞ்சளும் பச்சையுமாக ஒளிரும். எவ்வளவு ஒளிர்கிறதோ அவ்வளவு மருந்து அங்கே படிந்திருக்கிறது என்று அர்த்தம். பெட்டியின் முதுகில் ஓர் எண் வரும். ஒரு தடவை செய்து பார்க்கிறவர்களுக்கு இது பெரிய வேடிக்கை. நாள் முழுக்க மாமரத்தடியில் நின்று இலை இலையாக இதையே செய்கிறவளுக்குக் கழுத்து வலிதான் மிச்சம்.

திருப்பதியில் ஓர் ஆராய்ச்சித் திட்டத்தில் எனக்கு உதவியாளர் வேலை. எங்கள் சார் தெலுங்குக்காரர், நல்ல மனிதர். கோபமே வராது அவருக்கு. எனக்கு எதற்கெடுத்தாலும் வரும் என்பதால் அவருடைய பொறுமையே பல நாள் எனக்கு எரிச்சலாக இருந்தது. வேலையில் சேர்ந்த புதிதில் அவர் எனக்குப் பாடம் எடுத்தார். நம் விவசாயிகள் மரம் குளித்துச் சொட்டச் சொட்ட அடித்தால்தான் அடித்தோம் என்று நம்புகிறார்கள், ஆனால் சொட்டுவதெல்லாம் வீண், இலையில் நிற்பதுதான் கணக்கு, அதைத்தான் இந்தப் பெட்டி காட்டும் என்றார். நிற்காதது எங்கே போகும் என்று கேட்டேன். கொஞ்சம் காற்றோடு போகும், மீதி மண்ணுக்குப் போகும் என்றார். நானும் அப்படியே எழுதிக்கொண்டேன். ஆள்மேல் போவதைப் பற்றி அவரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

சோதனைக்குத் தோப்பு தேட வேண்டிவந்தபோது நான்தான் பாலசமுத்திரம் பக்கம் போகலாம் என்றேன். என் அக்காவைக் கொடுத்த ஊர் அதற்குப் பக்கத்தில்தான். அக்கா வீட்டுக்காரருக்குச் சொந்தமாக டிராக்டர் உண்டு. அதில் தொட்டி ஏற்றி, பம்பு இஞ்சின் வைத்து, சுற்றுவட்டாரத் தோப்புகளுக்கெல்லாம் மருந்து அடித்துக்கொடுப்பார். மாமா என்றால் எனக்குப் பிடிக்கும். அதிர்ந்து பேசமாட்டார், ஆனால் வாயைத் திறந்தால் கேலிதான். வேலை நேரத்திலேயே அக்காவையும் பார்த்துக்கொள்ளலாம் என்பது என் திட்டம். அரசாங்க ஜீப்பில் போய் அக்கா கையால் சாப்பிட்டுவிட்டு வரலாம் என்றால் யாருக்குத்தான் கசக்கும்?

பொங்கல் முடிந்து மா பூத்திருந்தது. தத்துப்பூச்சி இறங்கி, இலையெல்லாம் பிசுபிசுப்பாகிக் கறுக்கத் தொடங்கிய நேரம். எங்கள் முறைப்படி வெறும் தண்ணீரில் சாயம் கலந்து அடித்தாலே போதும். ஆனால் பூ நேரத்தில் வெறும் தண்ணீர் அடிக்க எந்தத் தோப்புக்காரர் ஒப்புவார்? மருந்தோடு சேர்த்தே சாயத்தைக் கலந்தோம். சாயத்தால் ஒன்றும் ஆகாது என்று சார் எல்லோருக்கும் தெலுங்கிலும் தமிழிலும் இரண்டு முறை சொன்னார். அது உண்மைதான்.

மாமா மருந்து பீய்ச்சுகிற நீளமான கன்னைப் பிடித்து அண்ணாந்து பார்த்து அடித்துக்கொண்டே முன்னால் போவார். பின்னால் குழாயை இழுத்துக்கொண்டு ஓர் ஆள் வர வேண்டும். இல்லாவிட்டால் குழாய் மரத்தில் சுற்றிக்கொள்ளும், வரப்பில் மாட்டும். இந்தப் பக்கத்தில் புருஷன் அடித்தால் பெண்டாட்டி குழாய் இழுப்பாள், அதுதான் வழக்கம். ஆள் வைக்கலாம் என்றால், கைகால் திடமாக இருக்கிறவர்கள் எல்லாம் ரேணிகுண்டா பக்கத்துக் கம்பெனிகளுக்குப் பஸ் ஏறிவிடுகிறார்கள். அக்கா மாமாவின் பழைய முழுக்கைச் சட்டையைப் புடவைக்கு மேலே போட்டு, தலையில் துண்டு கட்டி, குழாயை வயிற்றோடு அணைத்துப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். அன்றைக்குத்தான் நான் நின்று பார்த்தேன். மாமா ஒரு மரத்தை அடித்து முடித்து அடுத்ததற்கு நகர்ந்துவிடுகிறார். அவர் அடித்த மரம் சொட்டத் தொடங்கும்போது அதன் கீழே வந்து நிற்பவள் அக்கா. ஒவ்வொரு மரத்துக்கும் அப்படித்தான்.

இரண்டு மரங்களுக்கு நடுவில் நாங்கள் கறுப்புத் துணியால் ஒரு கூடாரம் கட்டியிருந்தோம். ஒடித்த கிளைகளை அதற்குள் கொண்டுபோய் ஊதா விளக்கு போட்டுப் படம் எடுப்பது என் வேலை. மத்தியானம் இஞ்சினை நிறுத்தியிருந்தார்கள். சாரும் மாமாவும் ஜீப் நிழலில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு உள்ளே ஒரே குஷி. மாம்பூங்கொத்து ஒவ்வொன்றும் அந்த வெளிச்சத்தில் அவ்வளவு அழகாக இருந்தது. அக்காவும் பார்க்கட்டும் என்று கூப்பிட்டேன்.

"அக்கா, உள்ள வாயேன். வேடிக்கை காட்றேன்."

துணியை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். துணி திரும்ப மூடிக்கொண்டது. நான் விளக்கைக் கிளையில் காட்டத்தான் திருப்பினேன். வழியில் அது அவள்மேல் பட்டது.

அக்காவின் முகம் எனக்குத் தெரியவில்லை. புருவம் தெரிந்தது. துண்டுக்கு வெளியே வந்திருந்த முடி தெரிந்தது. புறங்கையால் துடைத்த வாயைச் சுற்றி ஒரு தீற்றல். தோள் இரண்டும், விரல் பத்தும் மஞ்சள் பச்சையாக எரிந்தன. அவள் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தாள்.

"அய்ய, இன்னாடி இது? தேர்ல வர்ற அம்மன் மாரி கீறேன்."

நானும் சிரித்தேன். அப்புறம் அவள் குனிந்து பார்த்தாள். குழாயை அணைத்துப் பிடித்த இடம், கொசுவத்துக்கு மேலே, அடிவயிறு முழுக்க ஒரே வெளிச்சமாக இருந்தது. நான் அன்று காலையிலிருந்து பார்த்த எந்த இலையிலும் அவ்வளவு இல்லை. அக்காவின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. இரண்டு கையாலும் வயிற்றை மூடிக்கொண்டாள். மூடிய கையும் ஒளிர்ந்தது.

"அணைடி," என்றாள். "வெளக்க அணை."

அணைத்தேன். இருட்டில் அவள் மூச்சு மட்டும் கேட்டது. எனக்குப் புரிந்துவிட்டது. கலியாணமாகி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, இரண்டு தடவை தங்கி இரண்டு தடவையும் கலைந்தவள் என் அக்கா. எவ்வளவு நாளாக என்று கேட்டேன்.

"கார்த்தி மாசத்துல தலைக்கு ஊத்திக்கினதுதான். அப்பால இல்ல."

"மாமாவுக்குத் தெரியுமா?"

"மூணு மாசம் முடியாம யார்கிட்டயும் சொல்லக்கூடாது. மொத ரெண்டும் எப்டி போச்சு? சொல்லித்தான் போச்சு. ஒண்ணுக்கு அத்தை தெருவுக்கே கல்கண்டு குட்த்துச்சு. கண்ணு பட்டுச்சு. நீ வாயத் தொறந்த, நான் செத்துருவேன்."

என் கையை எடுத்துத் தன் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். எங்கள் பக்கத்தில் இது ஒன்றும் புதிதில்லை. மூன்று மாதம் முடிகிறவரை கர்ப்பத்தை வெளியே சொல்லமாட்டார்கள். சில பேர் புருஷனிடம்கூடச் சொல்லமாட்டார்கள். சொல்லக்கூடாது என்றால் வேலையும் குறையக்கூடாது. பிள்ளையில்லாத ஒருத்தி, தலை சுற்றுகிறது என்று ஒரு வேளை உட்கார்ந்தால் போதும், விசேஷமா என்று தெருவே வந்து கேட்கும். அதனால் யாருக்கும் சந்தேகம் வராதபடி அக்கா குழாய் இழுத்தாள். பிள்ளை நிலைக்க வேண்டும் என்பதற்காகத்தான் இழுத்தாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. அவள் கண் பட்டதால் போனது என்கிறாள். நான் மருந்து பட்டதால் போனது என்று நினைக்கிறேன். அவளிடம் ஆதாரம் இல்லை. சரி, என்னிடம் இருக்கிறதா? எது எவ்வளவு படிந்தது என்று மட்டும் சொல்கிற பெட்டி ஒன்று இருந்தது, அவ்வளவுதான். டாக்டரைக் கேட்டால், பல காரணம் இருக்கலாம் என்பார்.

சாரிடம் மெல்லப் பேச்சுக் கொடுத்தேன். எவ்வளவு மருந்து விழுகிறது என்று பார்க்க இலையில் குத்திவைக்கிற காகித அட்டைகளைக் குழாய் இழுக்கிறவர் சட்டையிலும் குத்திப் பார்க்கலாமே என்றேன்.

"அது வேற ப்ராஜெக்ட் அம்மா," என்றார். "மனுஷங்க மேல வச்சுப் பாக்கணும்னா தனியா பர்மிஷன் வாங்கணும்."

அவர் சொன்னது சரி. சரியான ஒன்றைக் கேட்டு எனக்கு அப்படி ஆத்திரம் வந்தது அதற்கு முன் கிடையாது. அடுத்த தடவை போகும்போது திருப்பதியில் ஒரு மழைக்கோட்டு வாங்கிக்கொண்டு போனேன். புடவை கெட்டுப்போகிறது என்று சொல்லி அக்காவைப் போட வைத்தேன். மாமா பார்த்துவிட்டு வானத்தை அண்ணாந்து பார்த்தார்.

"ஏம் பாப்பா, புயல் கியல் வருதா?"

அந்த வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு இரண்டு மரம் தாண்டுவதற்குள் அக்காவுக்கு வேர்த்துக் கொட்டி மயக்கம் வந்துவிட்டது. மயக்கம் என்றால் ஊர் பேசும். கழற்றி எறிந்துவிட்டாள். கடைசியாக, சோதனைக்கு உயரமான ஆள்தான் குழாய் இழுக்க வேண்டும் என்று ஒரு பொய் சொன்னேன். மாமா நம்பி, எங்கிருந்தோ ஓர் ஆளைப் பிடித்து வந்தார். சோதனை நடந்த நாட்களில் அந்த ஆள் இழுத்தான். நாங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திருப்பதிக்குத் திரும்பிவிட்டோம். பூ இன்னும் உதிரவில்லை, வேறு தோப்புகள் காத்திருந்தன. குழாய் அக்காவின் கைக்கே போனது.

திருப்பதியில் நான் படங்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். ஒரு படத்தில் நடுவில் மாங்கிளை, ஓரத்தில் மஞ்சள் பச்சையாக ஒரு தீற்றல். அன்றைக்கு நான் விளக்கை அணைப்பதற்கு முன் கேமரா தானாக எடுத்தது. விரல்கள் தெரிந்தன. விரல்களுக்கு இடையில் சட்டைத் துணி தெரிந்தது. கம்ப்யூட்டர் அதையும் இலை என்று எண்ணி, மரத்தின் சராசரியைத் தூக்கிவிட்டிருந்தது. சார் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார்.

"ஓரத்துல ஏதோ இருக்கே அம்மா. கட் பண்ணிடு."

வெட்டினேன். எண் ஒழுங்காகிவிட்டது. வெட்டிய துண்டை அழிக்க மட்டும் எனக்குக் கை வரவில்லை.

மாசி மாதம், மூன்றாவது மாதம் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது, அக்கா போன் செய்தாள். அழவில்லை. "வந்துர்றியா?" என்றாள், அவ்வளவுதான். மாமாவிடம் என்ன சொல்லிக் கூட்டிப்போவது என்று யோசித்து, மலைக்குப் போய்ச் சாமி பார்த்துவிட்டு வருகிறோம் என்றேன். மாமா சந்தோஷமாகப் பஸ் ஏற்றிவிட்டார். அக்கா ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, புத்தூர் வரைக்கும் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அடிவாரத்திலேயே இறங்கி லேடி டாக்டரிடம் போனோம். வார்டில் ஜன்னலைத் திறந்தால் மலை தெரிந்தது. அக்கா அந்தப் பக்கம் முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டாள். கலைந்த தீட்டோடு மலையைப் பார்க்கக்கூடக் கூடாது என்றாள். அவளை அறையலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது.

சாமி பார்த்துவிட்டு லட்டு இல்லாமல் எப்படி வீட்டுக்குப் போவது? என் அறைத் தோழி முந்தின நாள் கொண்டுவந்திருந்த லட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனோம். மாமா இரண்டு கையாலும் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கொஞ்சம் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, அக்காவைப் பார்த்துச் சொன்னார்.

"இந்த வருசமாவது அவன் கண்ணத் தொறக்கட்டும்."

அக்கா தலையாட்டினாள். நான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன்.

அந்தப் பிள்ளை இருந்தது என்று டாக்டரை விட்டால் இந்த உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும், ஒன்று அவள், இன்னொன்று நான். பெயர் கிடையாது, அழுதவர்கள் கிடையாது. கம்ப்யூட்டரில் ஒரு படத்தின் வெட்டிய ஓரம் இருந்தது. அதிலும் தெரிவது பிள்ளையில்லை, பிள்ளையை மூடிய கை.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு வியாதி வந்துவிட்டது. யாரைப் பார்த்தாலும் அந்த விளக்கில் இவர்கள் எப்படித் தெரிவார்கள் என்று தோன்றும். சித்தூர் மண்டியில் மாங்காய்க் குவியலின்மேல் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்துத் தின்கிற பெண்கள். பஸ்ஸில் என் மடிமேல் சாய்ந்து தூங்கிய யார் வீட்டுக் குழந்தையோ, அதன் அம்மாவின் சட்டையில் மருந்து வாடை. பட்டப்பகலில், நடுத்தெருவில், அவர்கள் ஒளிர்வார்கள். கண்ணைத் தேய்த்துக்கொண்டால் போய்விடும். சாயம் இருந்தால்தான் ஒளிரும், இவர்கள்மேல் சாயம் இல்லை என்று எனக்குத் தெரியும். அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. நாங்கள் சாயம் கலந்தது அந்தச் சில நாள் மட்டும். அதற்கு முந்தின பூவிலும் அதற்கும் முந்தின பூவிலும் அக்காமேல் விழுந்ததை யாரும் பார்க்கவில்லை. மருந்து தானாக ஒளிராது. அது இருக்கிற இடத்தில் ஒன்றுமே இருக்காது.

அடுத்த பூ வந்தபோது எங்கள் திட்டம் வேறு மாவட்டத்துக்குப் போயிருந்தது. நான் வேலையாக இல்லாமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா அக்காவைப் பார்க்கப் போனேன். வீட்டுக்குப் பின்னால் இருக்கிற தோப்பில் காலையிலேயே வேலை தொடங்கியிருந்தது. அக்காவின் மாமியார் ஊரில் இல்லை. மாமாவோடு ஒரு சுற்று குழாய் இழுத்துவிட்டு, பம்பு தொட்டியில் தண்ணீர் நிரம்புகிற நேரத்தில் குளித்துவிட்டுப் புடவை மாற்றி உட்கார்ந்திருந்தாள் அக்கா. எனக்குச் சாப்பாடு போட்டாள். அவள் சாப்பிடவில்லை. கேட்டதற்கு, அப்புறம் துன்னுக்கிறேன் என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"அன்னிக்கு அந்தப் பொட்டிய என் வயித்து மேல வச்சிருந்தா எவ்ளோ காட்டியிருக்கும்?"

ஒரு வருஷமாக அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

"தெரியாதுக்கா. இலைக்குத்தான் அது கணக்கு சொல்லும். துணிக்கு வேற."

"நெறைய காட்டியிருக்குமா?"

"நெறைய காட்டியிருக்கும்."

"அதனாலதான் போச்சான்னு காட்டுமா?"

"காட்டாதுக்கா."

"நான் வாயத் தொறந்து சொல்லியிருந்தா நின்னிருக்குமான்னு?"

நான் தட்டைத் தள்ளிவைத்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை. ஒரு வருஷம் முழுக்க இந்தக் கேள்வியோடுதான் அடுப்பு மூட்டியிருக்கிறாள், இந்தக் கேள்வியோடுதான் மாமாவுக்குச் சோறு போட்டிருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. தோப்பிலிருந்து மாமாவின் குரல் வந்தது.

"தண்ணி ரொம்பிட்ச்சி. வா, வா."

அக்கா எழுந்திருக்கவில்லை. மறுபடி கூப்பிட்டார். இஞ்சின் சத்தம் ஏறியது. அவள் சுவரில் சாய்ந்து, காலை நீட்டி, பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் மாமாவே வந்தார். பின்வாசலில் நின்று, என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"உன் அக்காவுக்கு இன்னா பாப்பா, நீ வந்த ஒடனே லீவு போட்டுக்கினாளா?" என்றவர், அக்காவின் முகத்தைப் பார்த்ததும் கேலியை விட்டார். "இன்னா, ஒடம்பு சரியில்லியா?"

"நான் வர்ல. இனிமே கொழாய் இஸ்க்கமாட்டேன்."

"ஏன்?"

"எனக்கு நாளு தள்ளிப்போயிக்கீது."

படித்தவள், பெட்டி வைத்து அளந்தவள் நான், என் கண் முதலில் போனது தெருப்பக்கம்தான், யார் காதிலாவது விழுந்துவிட்டதா என்று. மாமா வாயைத் திறந்தார். அக்கா அவரைப் பேசவிடவில்லை.

"போன வருசமும் ஒண்ணு இருந்துச்சி. பூ நேரத்துல. சொன்னா போய்டும்னு உங்கிட்ட சொல்லல. சொல்லாமயே போய்ட்ச்சி."

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். உண்மையா என்று வாயால் கேட்கவில்லை, ஆனால் கண்ணால் அதைத்தான் கேட்டார். நான் தலையாட்டினேன். இஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. மாமாவின் கண் கலங்கி, முகம் கோணியது. கையை நீட்டியபடி அக்காவை நோக்கி ஓர் அடி எடுத்துவைத்தார்.

அப்புறம் தன் கையைப் பார்த்தார். மருந்தில் நனைந்து நெஞ்சோடு ஒட்டிக்கிடந்த சட்டையைப் பார்த்தார். வைத்த காலைப் பின்னால் எடுத்துக்கொண்டு, வாசலுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார்.